டிஎன்ஏ ரிப்பேர்ல புரோட்டீனோட வடிவம் நெஜமாவே ஏதாவது பண்ணுதா, இல்ல படம் அழகா இருக்கணும்னு போடுறாங்களா?

கேள்வி (ஒரு வாசகர்), மார்ச் 4

டிஎன்ஏ ரிப்பேர் பத்தி எங்க படிச்சாலும் வட்டம், அம்புக்குறி, இது போய் அதை ஆக்டிவேட் பண்ணும், அது போய் இன்னொண்ணைக் கூப்பிடும்னுதான் இருக்கு. பக்கத்துலயே ரிப்பனைச் சுருட்டி விட்ட மாதிரி கலர் கலரா ஒரு 3டி படம். அந்தப் படத்தால என்ன பிரயோஜனம்? அமினோ அமில வரிசை தெரிஞ்சா போதாதா? வடிவம்தான் கன்ட்ரோல் பண்ணுதுன்னு ஒரே ஒரு உதாரணம் காட்டுங்க, ஒத்துக்கிறேன்.

மார்ச் 4, இரவு 11:20

வரிசை போதுமான்னு கேட்டதுக்கு மட்டும் இப்ப.

டிஎன்ஏ காப்பி ஆகும்போது பாலிமரேஸ் (காப்பி எடுக்கிற புரோட்டீன்) நழுவி விழாம இருக்க ஒரு வளையம் டிஎன்ஏவைச் சுத்தி மாட்டியிருக்கும். ஈ.கோலை பாக்டீரியாவுல அதுக்குப் பேர் பீட்டா கிளாம்ப், நம்ம செல்லுல பிசிஎன்ஏ. ரெண்டோட அமினோ அமில வரிசையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒண்ணுக்கொண்ணு சொந்தம்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டீங்க. பாக்டீரியாவோடது ரெண்டு துண்டு சேர்ந்த வளையம், நம்மளோடது மூணு துண்டு. எண்ணிக்கையே வேற. 1992ல பீட்டா கிளாம்போட வடிவம் வந்துச்சு, 1994ல ஈஸ்ட்டோட பிசிஎன்ஏ வந்துச்சு, ஒண்ணு மேல ஒண்ணு வச்சா அச்சு அசல். எப்படின்னா அங்க ஒரு துண்டுல மூணு மடிப்பு, இங்க ஒரு துண்டுல ரெண்டு மடிப்பு, ரெண்டு பக்கமும் மொத்தம் ஆறு. எழுத்தெல்லாம் அடையாளம் தெரியாம மாறிப்போச்சு, வளையம் அப்படியே இருக்கு. வரிசையை மட்டும் வச்சுக்கிட்டு இருந்திருந்தா இது நம்ம கண்ணுலயே பட்டிருக்காது.

மீதி நாளைக்கு. தூக்கம் வருது.

மார்ச் 5, காலை 7:05

தூக்கம் வரல, யோசிச்சுக்கிட்டே படுத்திருந்தேன்.

நேத்து சொன்னது ரிப்பேரே இல்லையே, காப்பி எடுக்கிற மெஷின் ஆச்சேன்னு யாராவது கேட்பீங்க. அதே வளையம்தான் ரிப்பேர்லயும் வருது, அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல அடிப்படைக் கஷ்டம் என்னன்னு பாருங்க. நம்ம டிஎன்ஏவுல 3 பில்லியன் எழுத்து (ஏ, டி, ஜி, சின்னு நாலு வகை) இருக்கு. டாமஸ் லிண்டால் கணக்குப்படி தண்ணியில சும்மா இருக்கிறதாலயே ஒரு செல்லுல ஒரு நாளைக்குச் சுமார் 10,000 எழுத்து கழண்டு விழுது, வெயிலும் வேண்டாம் புகையும் வேண்டாம். (2015 வேதியியல் நோபல் அவருக்கும் மாட்ரிச்சுக்கும் சஞ்சாருக்கும்.) இந்த 3 பில்லியன்ல எது கெட்டதுன்னு ஒரு புரோட்டீனுக்கு எப்படித் தெரியும்? அதுக்குக் கண்ணு கிடையாது, படிக்கத் தெரியாது.

தடவிப் பார்க்கும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

ஹெட்ஃபோன் வயர் உள்ள அறுந்து போச்சுன்னா என்ன பண்ணுவோம்? ஒரு முனையில இருந்து கொஞ்சம் கொஞ்சமா வளைச்சு வளைச்சுப் பார்த்துக்கிட்டே வருவோம், ஒரு இடத்துல லொடக்குன்னு மத்த இடத்தைவிட ஈஸியா மடங்கும், அங்கதான் போச்சுன்னு தெரியும். மியூட்எஸ்னு ஒரு புரோட்டீன் (நம்ம செல்லுல எம்எஸ்ஹெச்2வும் எம்எஸ்ஹெச்6ம் ஜோடி சேர்ந்து அந்த வேலை பார்க்குது) இதையேதான் பண்ணுது. டிஎன்ஏவைக் கவ்விக்கிட்டு தன்னோட ஒரு ஃபீனைல்அலனினை (ஒரு அமினோ அமிலம்) ஆப்பு மாதிரி சொருகும். ஜோடி சரியா இருந்தா (ஏ-க்கு எதிர்ல டி, ஜி-க்கு எதிர்ல சி) டிஎன்ஏ விறைப்பா நிக்கும், ஆப்பு இறங்காது. ஏ-க்கு எதிர்ல சி, ஜி-க்கு எதிர்ல டி மாதிரி தப்பா இருந்தா அந்த இடம் தளர்ந்திருக்கும், ஆப்பு இறங்கிடும், டிஎன்ஏ கிட்டத்தட்ட 60 டிகிரி மடங்கிடும். 2000ல வந்த ரெண்டு படிக வடிவத்துலயும் இது பளிச்சுன்னு தெரியுது. மடங்கினதுக்கு அப்புறம் ஏடிபி (செல்லோட எரிபொருள் மூலக்கூறு) வந்து உட்காரும், புரோட்டீன் வடிவம் மாறி வளையமாகி டிஎன்ஏ மேல வழுக்கிக்கிட்டுப் போய் அடுத்த ஆளைக் கூப்பிடும்.

அம்புக்குறி படத்துல "கண்டுபிடிக்கும்"னு ஒரே வார்த்தைல தாண்டிப் போறாங்களே, அந்த வார்த்தைக்குள்ள இத்தனை இருக்கு.

மார்ச் 5, மதியம் 1:40

திருத்தம். 3 பில்லியன்னு எழுதினேன், அது ஒரு செட்டுக்கு. ஒரு செல்லுல ரெண்டு செட், ஆக 6 பில்லியன் ஜோடி. காலைல ஏழு மணிக்கு எழுதினா இப்படித்தான்.

மார்ச் 5, இரவு 10:15

"எல்லாமே தளர்ச்சியைத் தடவிப் பார்க்கிறதுதானா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நான் கொஞ்சம் ஓவரா பொதுமைப்படுத்திட்டேன். மூணு விதம் சொல்றேன், மூணும் வேற வேற.

8-ஆக்ஸோகுவானின். குவானின்ல (ஜி எழுத்து) ஆக்சிஜன் ஏறிக் கெட்டுப்போனது. நல்ல ஜி-க்கும் இதுக்கும் வித்தியாசம் 8-ஆம் இடத்துல ஒரு ஆக்சிஜன், 7-ஆம் இடத்துல ஒரு ஹைட்ரஜன், அவ்வளவே. இதைப் பிடிக்கிறது ஓஜிஜி1. எழுத்தை டிஎன்ஏவுக்கு வெளிய திருப்பி எடுத்துத் தன் பைக்குள்ள வச்சுப் பார்க்கும். இப்ப கேட்கிறேன், எதை வச்சு அடையாளம் கண்டுபிடிக்கும்? எல்லாரும் அந்த ஆக்சிஜனைத்தான் சொல்லுவாங்க, நானும் படிப்புக் காலத்துல ஒரு வாய்மொழித் தேர்வுல அடிச்சுப் பேசினேன், மூக்கு உடைஞ்சுது. 2000ல வந்த வடிவத்துல பார்த்தா புரோட்டீன் அந்த ஆக்சிஜனைத் தொடவே இல்ல. ஓஜிஜி1ஓட 42-ஆவது அமினோ அமிலம் கிளைசின், அதோட முதுகெலும்புல இருக்கிற ஒரு ஆக்சிஜன், அந்த 7-ஆம் இடத்து ஹைட்ரஜனோட கை கோர்க்குது. நல்ல ஜி-ல அந்த ஹைட்ரஜன் கிடையாது. 6 பில்லியன் ஜோடிக்கு நடுவுல முடிவு ஒரு ஹைட்ரஜன் பிணைப்புல தொங்குது.

அடுத்தது இதுக்கு நேர் எதிர், எக்ஸ்பிசி. வெயிலால ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்ட தைமின் (டி எழுத்து), புகையால ஒட்டின பெரிய பெரிய கும்பல் எல்லாத்தையும் பிடிக்கிற புரோட்டீன். இத்தனை விதச் சேதத்துக்கும் பை செஞ்சு வச்சுக்கிட்டு இருக்க முடியாது இல்லையா. அது என்ன பண்ணுதுன்னா கெட்ட எழுத்தை ஏறெடுத்தே பார்க்கல. ஈஸ்ட்ல இதோட உறவு ராட்4, அதோட வடிவம் 2007ல வந்துச்சு, அதுல கெட்ட ரெண்டு எழுத்தும் வெளிய தள்ளப்பட்டு கேட்பாரத்துக் கிடக்கு, புரோட்டீன் கெட்டியாப் பிடிச்சிருக்கிறது எதிர்ப்பக்கத்து நல்ல எழுத்துகளை! நோய் எதுவானா என்ன, அதோட எதிர்ல இருக்கிறவன் எப்பவும் சாதாரண ஆளுதானே. இதுக்கு ஒரு பலவீனமும் உண்டு, வெயில் சேதத்துல ரொம்ப சாதாரணமா வர்ற சைக்ளோபியூட்டேன் வகை டிஎன்ஏவை அவ்வளவா கோணலாக்காது, எக்ஸ்பிசி கோட்டை விட்டுடும். அதனால டிடிபி2ன்னு இன்னொருத்தர் முன்னாடி போய்க் காட்டிக் கொடுக்கணும்.

மூணாவது எம்ஜிஎம்டி. இது தற்கொலைப் படை. குவானின் மேல தப்பா ஏறின மெத்தில்லைப் பிடுங்கித் தன் 145-ஆவது சிஸ்டின்ல ஒட்டிக்கும், அதோட அதுக்கு ஆயுள் முடிஞ்சுது, கழட்ட வழியே இல்ல. ஒரே ஒரு மெத்தில்லுக்காக 207 அமினோ அமிலத்துல கட்டின ஒரு முழு புரோட்டீன் செலவு. இதைப் பார்த்தாதான் செல்லு டிஎன்ஏவுக்கு எவ்வளவு மதிப்பு வச்சிருக்குன்னு புரியுது.

மார்ச் 6, இரவு 9:30

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கார். "இதெல்லாம் கண்டுபிடிக்கிறது சரி, ஆனா கன்ட்ரோல் எங்க?" நியாயம்.

பிசிஎன்ஏ வளையத்துக்கே வருவோம். அதுல 164-ஆவது லைசின் ஒண்ணு இருக்கு. காப்பி எடுக்கிற மெஷின் சேதத்துல முட்டி நின்னுடுச்சுன்னா ராட்6, ராட்18ங்கிற ரெண்டு புரோட்டீனும் வந்து அந்த லைசின்ல ஒரு யுபிக்விட்டினை (ஒரு குட்டிப் புரோட்டீன்) ஒட்டும். ஒட்டினதும் பாலிமரேஸ் ஈட்டா வந்து மாட்டிக்கும், அது கொஞ்சம் அகலமான வாய் உள்ள ஆளு, ஒட்டிக்கிட்ட தைமினையும் உள்ள வாங்கிக்கிட்டு எதிர்ல சரியா ஏ போட்டுட்டுப் போயிடும். (அது இல்லாதவங்களுக்கு வர்றதுதான் எக்ஸ்பி-வேரியன்ட், வெயில் பட்டா தோல் கேன்சர் வர்ற வகை.) ஈஸ்ட்ல அதே லைசின்ல யுபிக்விட்டினுக்குப் பதிலா சூமோங்கிற இன்னொரு குட்டிப் புரோட்டீன் ஒட்டினா வர்றது எஸ்ஆர்எஸ்2, அது வந்து தேவையில்லாத ரீகாம்பினேஷனை (டிஎன்ஏ துண்டுகள் இடம் மாத்திக்கிறது) கலைச்சு விடும். ஒரே வளையம், ஒரே லைசின், எதை மாட்டுறோமோ அதைப் பொறுத்து வேற வேற பாதை. சாவி வளையம் மாதிரின்னு வச்சுக்கோங்க.

யுபிக்விட்டின் இங்க வெறும் கொடிதான், வளையத்தோட வடிவத்தை மாத்தாது, வர்றவங்களுக்கு அடையாளம், அவ்வளவே.

மார்ச் 7, காலை 8:10

கடைசி வரியை எழுதிட்டு, யுபிக்விட்டின்னாலே எல்லா இடத்துலயும் கொடிதான்னு யாராவது எடுத்துக்கப் போறாங்கன்னு பயம் வந்துடுச்சு. ஃபான்கோனி பாதைன்னு இன்னொரு ரிப்பேர் வழி இருக்கு, அதுல அது தாழ்ப்பாள். எஃப்ஏஎன்சிஐ, எஃப்ஏஎன்சிடி2ன்னு ரெண்டு பேர், திறந்த வாய் மாதிரி இருப்பாங்க. டிஎன்ஏவோட ரெண்டு இழையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்ட இடத்துல போய் வாயை மூடிக் கவ்வுவாங்க, டி2 மேல யுபிக்விட்டின் ஏறினதும் அது நடுவுல சொருகின மாதிரி உட்கார்ந்து வாயைத் திறக்க விடாமப் பண்ணிடும். இந்த வடிவம் 2020ல கிரயோ-ஈஎம்ல (உறைய வச்சு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்க்கிற முறை) வந்துச்சு. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா இதையும் கொடின்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தோம். அம்புக்குறி படத்துல ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஒரு குட்டி வட்டம் போட்டிருப்பாங்க, உள்ளுக்குள்ள வேலை வேற.

மார்ச் 7, மாலை 6:50

ஒரு சொந்தக் கதை. பயோகெமிஸ்ட்ரி மாணவனா இருந்தப்போ பி53யோட நடுப்பகுதியைத் தனியா சுத்தம் பண்ணச் சொன்னாங்க. டிஎன்ஏ சேதம் ஆனா செல்லை நிறுத்தி வைக்கிற, முடியலன்னா சாக விடுற புரோட்டீன், மனுஷக் கேன்சர்ல ஏறக்குறைய பாதியில இதோட ஜீன் கெட்டிருக்கும். நாலு நாள் உயிரைக் கொடுத்துச் சுத்தம் பண்ணேன். கடைசி ராத்திரி, சீனியர் ஒருத்தர் கலந்து வச்சிருந்த பஃபர் (புரோட்டீனை வைக்கிற கரைசல்) பாட்டில் இருந்துச்சு, புரோட்டியேஸ் (புரோட்டீனை வெட்டுற என்சைம்) தொல்லை வராம இருக்க ஈடிடிஏன்னு ஒரு ரசாயனம் போட்டது, லேபிள்லயே எழுதியிருந்துச்சு, நான்தான் யோசிக்கல. புரோட்டீனை டயாலிசிஸ் பைல (சல்லடை மாதிரி ஓட்டை உள்ள பை) ஊத்தி, அந்த பஃபர்ல தொங்கவிட்டு குளிர் அறைல வச்சுட்டுப் போயிட்டேன். காலைல வந்து பார்த்தா பை முழுக்க வெள்ளை வெள்ளையா திட்டுத் திட்டா மிதக்குது. கண்ணாடி மாதிரி இருந்தது மூடுபனி மாதிரி ஆகியிருந்துச்சு. பையைக் கையில பிடிச்சு லைட்டுக்கு நேரா ஆட்டிப் பார்த்துக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னேன், ஆட்டினா கரைஞ்சிடும்னு ஒரு நப்பாசை.

விஷயம் என்னன்னா பி53யோட நடுப்பகுதியை இழுத்துக் கட்டி வச்சிருக்கிறது ஒரு துத்தநாக அயனி. மூணு சிஸ்டின், ஒரு ஹிஸ்டிடின் சேர்ந்து அதைப் பிடிச்சிருக்கு. ஈடிடிஏ உலோக அயனியைக் கவ்வுற ரசாயனம், போய் அதைப் பிடுங்கிடுச்சு. இந்தப் புரோட்டீன் ஏற்கனவே நோஞ்சான், உடம்புச் சூட்டைத் தாண்டி சில டிகிரி போனாலே அவிழ ஆரம்பிச்சிடும், அதுல ஆணியையும் பிடுங்கினா?

இப்ப கேன்சர்ல பி53ல அதிகமா மாறுற இடங்களைப் பாருங்க. 248, 273 ரெண்டும் டிஎன்ஏவை நேரடியா தொடுற ஆர்ஜினின், அது போனா வடிவம் பெருசா கெடாது, ஆனா பிடி போயிடும். 175 டிஎன்ஏவைத் தொடவே தொடாது! அப்புறம் ஏன் அது மாறினா கேன்சர்? துத்தநாகத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கு. அங்க ஹிஸ்டிடின் வந்தா துத்தநாகம் நிக்காது. நான் ஈடிடிஏ ஊத்திப் பண்ணதை அந்த மாற்றம் ஒரே எழுத்துல பண்ணிடுது. வரிசையில 175ம் 248ம் ஒரே மாதிரி ரெண்டு ஆர்ஜினின், வடிவம் இருந்தாதான் இது பிடி போன கேஸ், அது ஆணி போன கேஸ்னு பிரிக்க முடியும்.

1994லயே டிஎன்ஏவோட சேர்ந்த பி53 வடிவம் வந்தாச்சு. படிச்சிருந்தேன், பரீட்சைல கூட எழுதியிருக்கேன். பாட்டிலை எடுக்கும்போது ஞாபகம் வரல.

மார்ச் 7, இரவு 11:55

சீனியர் மேல பழி போடுறியான்னு ஒருத்தர் கேட்கிறார். இல்லப்பா. லேபிள்ல எழுதியிருந்துச்சுன்னு நானே சொன்னேனே.

மார்ச் 9, இரவு 10:40

ரெண்டு நாளா ஒரு விஷயம் உறுத்துது. வடிவம் வடிவம்னு பேசிக்கிட்டே இருக்கேன், பிஆர்சிஏ2வை (கெட்டா மார்பகக் கேன்சர் அபாயம் ஏறுற ரிப்பேர் புரோட்டீன்) என்ன பண்றது? 3418 அமினோ அமிலம், அதுல பெரும்பகுதிக்கு நிலையான வடிவமே கிடையாது, நூல் கண்டு பிரிஞ்சு கிடக்கிற மாதிரி. கேள்வி கேட்டவருக்கு இது தெரிஞ்சிருந்தா முதல் நாளே என்னை மடக்கியிருப்பார்.

ஆனா அந்த நூல்ல எட்டு முடிச்சு இருக்கு, பிஆர்சி ரிப்பீட்டுன்னு பேர். டிஎன்ஏ ரெண்டு இழையும் அறுந்தா அதைச் சரி பண்ற முக்கியமான ஆளு ராட்51, ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு டிஎன்ஏ மேல நீளமான இழையா படியும். ஒரு ராட்51 பக்கத்து ராட்51ஐப் பிடிக்கிறது ஒரு சின்னக் கொக்கியால, ஃபீனைல்அலனின், நடுவுல ரெண்டு, அப்புறம் அலனின். 2002ல பிஆர்சி4ம் (அந்த முடிச்சுல நாலாவது) ராட்51ம் சேர்ந்த வடிவம் வந்தப்போ பார்த்தா, பிஆர்சிஏ2வும் அதே கொக்கியை வச்சிருக்கு! அதாவது "நான்தான் உன் பக்கத்து வீட்டு ராட்51"னு வேஷம் போட்டு அதைத் தனித்தனியா பிடிச்சு வச்சுக்குது. அதனால கண்ட இடத்துல கோத்துக்காம, அறுந்த இடத்துக்குக் கொண்டு போய் அங்க இறக்கி விட முடியுது. பிரிஞ்ச நூல்ல இருக்கிற அந்த முடிச்சு ராட்51ஐத் தொடும்போது மட்டும் ஒரு உருவம் எடுக்குது.

அதனால என் வாதத்தைக் கொஞ்சம் மாத்திக்கிறேன். எப்பவும் இருக்கிற வடிவம்தான் முக்கியம்னு இல்ல, யாரைத் தொடும்போது எந்த வடிவம் வருதுங்கிறதுலதான் கன்ட்ரோல் இருக்கு. மியூட்எஸ் ஏடிபி வந்ததும் மாறினதும் இதேதான்.

ராட்51 படிஞ்ச இடத்துல டிஎன்ஏ ரப்பர் மாதிரி ஒன்றரை மடங்கு நீளும்.

மார்ச் 10, காலை 7:30

ரப்பர் மாதிரி இல்ல. ரப்பர் சமமா நீளும். ராட்51க்கு பாக்டீரியா உறவு ரெக்ஏ, 2008ல டிஎன்ஏவோட அதோட வடிவம் வந்துச்சு, அதுல மூணு மூணு எழுத்தா சேர்ந்து கிட்டத்தட்ட சாதாரணமா இருக்கு, ஒரு மூணுக்கும் அடுத்த மூணுக்கும் நடுவுல மட்டும் பெரிய இடைவெளி. ரயில் பெட்டி மாதிரின்னு மாத்திப் படிங்க. பொருத்தமான டிஎன்ஏவைத் தேடும்போது மூணு மூணாத்தான் பொருத்திப் பார்க்கும்.

மார்ச் 11, இரவு 9:15

பிஆர்சிஏன்னு சொன்னதும் கேன்சர் மாத்திரை பத்தி மூணு பேர் கேட்டிருக்கீங்க. மருத்துவ ஆலோசனை சொல்ற ஆளு நான் இல்ல, எப்படி வேலை செய்யுதுங்கிறதை மட்டும் சொல்றேன்.

பார்ப்1னு ஒரு புரோட்டீன். அதோட வேலை செய்யுற வாயை அதோட இன்னொரு பகுதியே மூடி மாதிரி மூடியிருக்கும். அறுந்த டிஎன்ஏ மேல அதோட துத்தநாக விரல்கள் உட்கார்ந்ததும் மத்த பகுதியெல்லாம் வந்து ஒண்ணு சேரும், அந்த அழுத்தத்துல மூடி அவிழ்ந்து வாய் திறக்கும். அறுந்த டிஎன்ஏவே சாவி. திறந்ததும் என்ஏடிங்கிற மூலக்கூறை எடுத்து நீள நீளமா சங்கிலி கட்டித் தன் மேலயும் பக்கத்துல இருக்கிறவங்க மேலயும் ஒட்டும், அந்தச் சங்கிலியைப் பார்த்து ரிப்பேர் ஆட்கள் வருவாங்க, தன் மேலயே நெகடிவ் சார்ஜ் ஏறினதால பார்ப்1 டிஎன்ஏவை விட்டுக் கழண்டுக்கும். ஓலாபரிப் மாதிரி மருந்து அந்த வாயில போய் உட்கார்ந்துடுது. சங்கிலி கட்ட முடியாது, கழண்டுக்கவும் முடியாது, பார்ப்1 அங்கயே மாட்டிக்கும். காப்பி எடுக்கிற மெஷின் அதுல வந்து மோதும். பிஆர்சிஏ நல்லா இருக்கிற செல் அதைச் சமாளிச்சிடும், பிஆர்சிஏ போன கேன்சர் செல் சாகும். 2005ல ரெண்டு குழு இதைக் காட்டினாங்க, 2014ல அமெரிக்காவுல ஓலாபரிப்புக்கு அனுமதி கிடைச்சுது.

மாட்டிக்கிட்டு வெளிய வர முடியாத இன்னொரு ஆள் கூ. கூ70, கூ80 சேர்ந்த வளையம், அறுந்த முனையில ஊசில நூல் கோக்கிற மாதிரி ஏறிக்கும், எழுத்து எதுன்னு பார்க்காது, டிஎன்ஏவோட முதுகெலும்பை மட்டும்தான் தொடும், அதனால எந்த முனையானாலும் ஓகே. 2001ல இந்த வடிவம் வந்தப்போ எல்லாரும் கேட்ட கேள்வி, ரெண்டு முனையும் ஒட்டினதுக்கு அப்புறம் வளையம் எப்படி வெளிய வரும்? மோதிரத்தைப் போட்டுட்டு விரல் நுனியை மூடித் தைச்ச மாதிரி ஆச்சே. கூ மேல யுபிக்விட்டின் ஒட்டி, பி97னு ஒரு மோட்டார் வந்து இழுத்து எடுக்குதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வடிவத்தைப் பார்க்கலன்னா இப்படி ஒரு சிக்கல் இருக்குன்னே தோணியிருக்காது. (கூங்கிறது ஒரு நோயாளியோட பேர்ல முதல் ரெண்டு எழுத்து, அவரோட ரத்தத்துல இருந்த ஆன்டிபாடிதான் இதைக் காட்டிக் கொடுத்துச்சு.)

மார்ச் 12, மதியம் 2:20

"ஆல்ஃபாஃபோல்ட் வந்தாச்சே, இனிமே எவனும் புரோட்டீன் சுத்தம் பண்ண வேண்டாமே."

இப்படி ஒருத்தர் கேட்டிருக்கார். ஆல்ஃபாஃபோல்ட்ங்கிறது வரிசையை வச்சு வடிவத்தைக் கணிக்கிற ஏஐ. 2021ல இருந்து நானும் தினமும் திறக்கிறேன், நல்ல கருவி. ஆனா ஒரு தடவை பி53ல 175ஐ ஹிஸ்டிடினா மாத்திப் போட்டுப் பாருங்க. நல்ல பி53 மாதிரியே அழகா மடிஞ்ச படத்தைக் கொடுக்கும். துத்தநாகம் போனா பி53 திட்டாகி மிதக்கிறதை நான் பார்த்திருக்கேன், ஆல்ஃபாஃபோல்டுக்கு அது தெரியாது.

மார்ச் 12, இரவு 11:05

கேள்வி கேட்டவர் ஒத்துக்கிட்டார். ஆனா ஒரு கொசுறு கேட்டார், இப்படி வடிவம் கெட்ட பி53யை திரும்ப நிமிர்த்த முடியுமான்னு.

எல்லாத்தையும் முடியாது. 220ல ஒரு டைரோசின் இருக்கு, டிஎன்ஏவைத் தொடுற பக்கத்துல இருந்து தள்ளி. அது சிஸ்டினா மாறினா பெரிய ஆள் போய் குட்டி ஆள் வந்த மாதிரி அங்க ஒரு பள்ளம் விழும், புரோட்டீன் தளர்ந்துடும். அந்தப் பள்ளம் நல்ல பி53ல கிடையாது. அதுக்கு அளவா ஒரு சின்ன மூலக்கூறு செஞ்சு சொருகினா புரோட்டீன் நிமிர்ந்து நிக்குது, ரெசாடபாப்ட்னு ஒண்ணு அப்படித்தான், ஆட்கள் மேல சோதனை வரைக்கும் வந்திருக்கு. 175க்கு இப்படிக் கச்சிதமா ஒரு பள்ளம் இல்ல, அங்க துத்தநாகத்தைத் திரும்பக் கொண்டு போய் உட்கார வைக்கிற வழியைத் தேடிக்கிட்டு இருக்காங்க.

நானும் அன்னிக்கு அந்தப் பைல துத்தநாகக் கரைசலை ஊத்திப் பார்த்தேன். நிமிரல. திட்டு இன்னும் பெருசாச்சு.